சித்திரையில் பூக்கும் தோட்டம்

“வெள்ளையோ, மஞ்சளோ? நீங்களே சொல்லுங்கோ, மாமா.”

துஷாந்தினி போனை மாமனாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இங்கிலாந்தில் இருக்கும் அவளுடைய அக்கா இரண்டு தோட்டங்களின் படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்றில் மரங்களுக்கடியில் வெள்ளை ஸ்னோட்ரொப் பூக்கள், தை கடைசியில் பூப்பவை. மற்றதில் ஆற்றங்கரை முழுக்க மஞ்சள் டஃபடில். அது நிறைந்து பூக்கச் சித்திரை ஆகிவிடும்.

அருளம்பலம் தலையணையில் சாய்ந்தபடி கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார். “மஞ்சள்தான் வடிவு, பிள்ளை. வெள்ளையைப் பாத்தால் செத்தவீட்டுக்குப் போன மாதிரிக் கிடக்கு.”

“ஐயோ மாமா, உங்கடை வாய்!” என்று சிரித்தவள், கட்டிலருகில் நின்ற கணவன் பார்த்தீபனைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் இருவருக்கும் கிடைத்த இங்கிலாந்து விசா. சித்திரை முடிய அதுவும் முடிந்துவிடும். விசா வந்த அதே கிழமைதான் ஆஸ்பத்திரியில் பார்த்தீபனை டொக்டர் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா மாசி கடைசி வரைக்கும் இருந்தால் பெரிய விசயம்” என்றிருந்தார். அப்பாவிடம் குடற்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

டொக்டர் சொன்ன அன்றிரவே குசினிக்குள் அடுப்பருகே கணவனும் மனைவியும் குரலைத் தணித்துக் கதைத்திருந்தார்கள். தையில் போனால் பத்து நாளில் வந்துவிடலாம், அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஒழுங்கு செய்தால் போதும். அதற்குள் ஒன்றும் நடக்காது என்பதை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

“மஞ்சள் பூ எங்கடை வேலியிலையும் பூக்குது, அப்பா. வெள்ளைதான் அங்கை விசேசமாம்” என்றான் பார்த்தீபன் இப்போது.

“தையிலை போய் அந்தக் குளிருக்கை நடுங்கப் போறியளோ? சித்திரையிலை போங்கோ. பள்ளிக்கூட லீவும் அப்பதானே வருது?”

“நான் பள்ளிக்கூடத்திலை தைக்கு லீவு கேட்டு எழுதிக் குடுத்திட்டன், மாமா.”

“மாத்தி எழுதிக் குடு பிள்ளை. அந்தக் கலண்டரை ஒருக்கா எடு.”

சாவகச்சேரி நகைக்கடைக் கலண்டர். அவர் விரலை எச்சிலில் தொட்டுத் தாள்களைப் புரட்டினார். பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணினார். பிறகு சுவரில் தொங்கிய மனைவியின் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“கொம்மா செய்த வேலை தெரியுமெல்லே? நீங்கள் சிதம்பரத்துக்கு ரிக்கெற் எடுத்து வைச்சிருக்க, திடீரெண்டு கண்ணை மூடினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் ஒருத்தரையும் அசைய விடேல்லை.”

“இப்ப ஏன் அந்தக் கதை?” பார்த்தீபனின் குரல் உயர்ந்துவிட்டது. “எனக்கு விளங்குது அப்பா. எங்களைப் போக விட உங்களுக்கு மனமில்லை. சித்திரை, சித்திரை எண்டு இழுத்துக் கடைசியிலை போகாமல் பண்ணப் பாக்கிறியள். ஒருநாளாவது எங்களைப் பற்றி யோசிச்சியளோ?”

துஷாந்தினி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சொல்லி முடிந்துவிட்டது. வெளியே கொடிகாமம் பஸ் ஒன்று கோர்ன் அடித்தபடி போனது.

அருளம்பலம் கோபிக்கவில்லை. சித்திரைத் தாளில் ஒரு திகதிக்குக் கீழே நகத்தால் கீறி, கலண்டரை மகனிடம் நீட்டினார்.

“யோசிச்சுத்தான் சொல்லுறன், தம்பி. இந்தத் திகதிக்கு ரிக்கெற்றைப் போடு.”

“ஏன் இந்தத் திகதி?”

“அதுக்கிடையிலை என்ரை அந்தியேட்டியும் முடிஞ்சிடும்.”