காருக்கு மூன்று வியாதி

நாலு மணிக்குத் தரகர் வருகிறார். அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் கார் விற்பனைக்கு இல்லை, சாவியும் அவளுக்கே. பாத்திரக்கடைக்காரர் தன் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது.

தோற்கிற பேரத்தில் அவர் என்றைக்கும் கை வைத்ததில்லை.

காருக்கு மூன்று வியாதி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இன்ஜின் கொதிக்கிறது. நிறுத்திய இடத்திலேயே பெட்ரோல் குறைகிறது. டிரைவர் சீட் தானாக முன்னால் நகர்ந்து, அவர் ஏறும்போதெல்லாம் முழங்காலைப் பதம் பார்க்கிறது.

கடை தெருமுனையில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பார். போன ஞாயிறு ரயில்வே கேட்டில், சம்பந்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது ஆவி கக்கி அவர் மானத்தை வாங்கிவிட்டது.

காரைத் திறந்துவிட்டு, பழக்கதோஷத்தில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருப்பது அந்த ஒரு சாவிதான்; இன்னொன்று தொலைந்து இரண்டு வருஷம். வாசல் நாற்காலியில் சாய்ந்து, வேடிக்கை பார்க்கிற முகத்தோடு பேப்பரை விரித்தார்.

அவள் ஆறியிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்தாள். தண்ணீர் நிறைந்திருந்தது. ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தாள். ஒழுகல் இல்லை.

“ஓடுறப்போ சூடு காட்டுற முள்ளு ஏறாதுங்க. நின்னாத்தான் ஏறும். சிக்னல்ல ரெண்டு நிமிஷம் போதும்.”

அவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்.

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். முள் பாதியைத் தாண்டியது. ரேடியேட்டர் விசிறி அசையவே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். விசிறிக்கான ஃபியூஸ் கருகிப் போயிருந்தது.

பெட்டி மூடிக்குள் இருந்த உபரி ஃபியூஸைச் சொருகி மறுபடி கிளப்பினாள். விசிறி இரைந்தது. விலையைக் கேட்ட வாடிக்கையாளர் படியிறங்குவதுபோல முள் சத்தமில்லாமல் இறங்கியது.

மணி மூன்றரை.

தோற்றாலும் வியாபாரி வியாபாரிதான். கார் ஜன்னலருகே வந்து, மிச்ச இரண்டு வியாதிக்கும் மருந்து சொன்னால்தான் ஆச்சு என்று இழுத்துப் பார்த்தார்.

“அது ரெண்டும் வியாதியே இல்லைங்க. தரகரை வர வேணாம்னு சொல்லிடுங்க.”

அவரைவிட ஒரு முழம் குட்டையானவள். சீட்டை அவள் நகர்த்தவே இல்லை. கால் பெடலில் கச்சிதமாகப் பதிந்திருந்தது.

கொடுத்த வாக்கு வாக்குதான். சாவியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார்.

சாவி அங்கேதான் இருந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.