கீழ்த்தொட்டிச் சரக்கு

கடல்மீன் தொட்டியில் வாழ்ந்த மஞ்சள் மீனுக்கு, கீழே வடிகட்டித் தொட்டியில் வளரும் பாசி என்றாலே இளக்காரம். "நம்ம கழிவைத் தின்னே பிழைக்குது, சீ" என்று கூட வசித்த நண்டிடம் சொல்லி முகம் சுளிக்கும்.

பாசிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. குழாயில் இறங்கும் அழுக்குத் தண்ணீரிலிருந்து, மீன் கழிவில் உண்டாகும் நைட்ரேட்டை உரமாக உறிஞ்சிவிட்டு, நல்ல தண்ணீரை மேலே அனுப்பி, புசுபுசுவென்று வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா அதில் ஒரு கைப்பிடி பிடுங்கி மேல்தொட்டியில் போட்டார். மீன் பாய்ந்து கவ்வியது.

"அடடா, என்ன ருசி. எந்த ஊர்ச் சரக்கு இது?"

"கீழ்த்தொட்டிச் சரக்குங்க" என்றது, பாதி வாய்க்கு வெளியே தொங்கிய பாசி. "போன வாரம் நீங்க அனுப்பி வெச்சதுதான்."

மீன் மெல்லுவதை நிறுத்தியது. நண்டு சிரிப்பை அடக்கப் பாறைக்குள் ஓடியது.

"அப்படீங்களா?" என்றது மீன். "அப்ப இந்த வாரம் தாராளமாவே அனுப்பி வைக்கிறேங்க."