காது கொடுத்துக் கேட்கும் கருவி

"நேத்து ஒத்திகைக்கும் வந்திருந்தேன். இந்தப் பொண்ணு நேத்து ஆடினதையே இன்னிக்கும் ஆடுச்சு. நோட்டீஸ்ல மட்டும் 'முன்கூட்டி யோசிக்காத ஆட்டம்'னு போட்டிருக்கீங்க?"

ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது பெர்லினில் எங்கள் வழக்கம். பீர் பாட்டிலோடு ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். முன்வரிசையில் உதவித்தொகைக் குழுவின் ஓலன்டார்ஃப் அம்மையார் இருந்தார். அவர் தலையசைத்தால்தான் என் கருவிக்கு அடுத்த வருஷம் உயிர்.

கருவி என்றால், ஆடுகிற வீப்கேயின் கை கால்களில் நான் கட்டிவிடும் நாலு பட்டைகளும் ஒரு லேப்டாப்பும். அவள் கையை வீசினால் ஸ்பீக்கர் முழங்கும். விரலை அசைத்தால் முனகும். 'உடம்பு பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் கருவி' என்று நோட்டீஸில் நானே எழுதியிருந்தேன். யாராவது புகழ வேண்டுமே.

வீப்கே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாங்க, உடம்பு அசதி. பழைய அசைவே வந்துடுச்சு. தப்பு என்னோடதுதான்."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது.

"கருவி தயாராத்தான் இருக்கு. ஆடுறவங்க புதுசா ஏதாவது ஆடினாத்தானே அதுவும் புதுசா பாடும்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்தார். கிளம்பும்போது என் கையைக் குலுக்கி, "சத்தமும் அசைவும் இம்மிகூடப் பிசகலை. அபாரம்," என்றார். நான் ஒரு சாண் உயர்ந்துபோனேன்.

கூட்டம் கலைந்ததும் வீப்கேயைப் பிடித்துக்கொண்டேன்.

"என் மானத்தை வாங்கிட்டியே. பத்து வருஷமா ஆடுற. நாற்பது நிமிஷம் புதுசா ஆடத் தெரியலையா?"

"இன்னிக்கு முடியலை, டோர்பன்."

"அப்ப நாளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கட்டுமா?"

"பார்த்துக்கோ," என்றாள் பட்டைகளை அவிழ்த்தபடி. "அதுக்கு முன்னாடி உன் லேப்டாப்பை ஒரு தடவை பார்த்துடு."

பார்த்தேன்.

சாயங்காலம் ஸ்பீக்கரைச் சோதிக்க, நேற்றைய ஒத்திகைப் பதிவைப் போட்டிருந்தேன். அதை மாற்றாமலேயே ஆட்டத்தைத் தொடங்கிவைத்திருக்கிறேன். பட்டைகளை இணைக்கவே இல்லை. அரங்கம் முழுக்கக் கேட்டது நேற்றைய சத்தம்.

லேப்டாப்பை மூடினேன். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் நிமிஷமே. நான் கையைத் தூக்குறதுக்குள்ள சத்தம் வந்துடுச்சு."

"நிறுத்தியிருக்கலாமே?"

"அந்தம்மா எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க. எப்படி நிறுத்துறது? நேத்து எங்க குதிச்சேன், எங்க உருண்டேன்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி, சத்தம் வர்ற நேரத்துக்குச் சரியா ஆடினேன்," என்று காலணியை மாட்டிக்கொண்டாள். "என்னைத் திட்டினா எனக்கொண்ணும் ஆகாது. கருவியைத் திட்டியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்டே."