பாவாவின் பை

“நான் மலையில இருந்து எறங்கி வர்ற வரைக்கும் இந்தப் பையத் தொறக்காத பிரேமு. ஆங்?”

நீளமான கறுப்புப் பையை மேஜை மேல் வைத்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மாடிப்படி இறங்கிப் போனான் ஆதிகேசவன். பிரேம்குமாரின் சொந்தக் கடையில் பிரேம்குமாருக்கே உத்தரவு போடுகிறான்.

கனகம்மாசத்திரத்து அத்தை மகன். வயதிலும் மூத்தவன். முறைப்படி ‘பாவா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் அந்தச் சொல் பிரேமின் வாயில் வந்து வருஷக்கணக்காகிறது. இன்றுகூட ‘வா’ என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

“நாளைக்கி மெட்ராஸ்ல மேட்ச். அதுக்கு முன்னாடி மொட்ட போட்டுக்கினு போயிடலாம்னு வந்தேன்” என்று வந்ததும் வராததுமாக ஆதிகேசவன் சொன்னபோதே பிரேம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேட்ச் என்ற சொல்லை இந்தக் கடைக்குள் உச்சரிக்க அவனுக்கு என்ன தைரியம்?

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மேஜை மேல் பந்துகளை ஸ்டிக்கால் அடித்துக் குழியில் தள்ளுகிற பூல் ஆட்டத்தில் மாநில இறுதிப் போட்டி வரைக்கும் சேர்ந்தே வந்தார்கள். இறுதி ஆட்டமே இருவருக்கும் நடுவில்தான்.

அன்று காலை, “சும்மா கை பழகறேன்” என்று பிரேமின் ஸ்டிக்கை எடுத்து, அடுக்கி வைத்த பந்துகளைப் பேயறை அறைந்தான் ஆதிகேசவன். பந்துகளைச் சிதறடிக்கிற அந்த முதல் அடிக்கென்றே கெட்டி நுனியோடு பிரேக் ஸ்டிக் தனியாக உண்டு. குறி பார்த்து ஆடுகிற ஸ்டிக்கின் நுனியில் இருப்பது மெல்லிய தோல்; அது அந்த முரட்டு அடியைத் தாங்காது. பூல் கடைக்கு ஒரே ஒரு நாள் வந்தவனுக்குக்கூட இது தெரியும்.

நுனித் தோலுக்குக் கீழே இருந்த வெள்ளைப் பூண் பிளந்துபோனது. பிரேம் இரவல் ஸ்டிக்கில் ஆடித் தோற்றான். மாநில அணியில் இடம் பாவாவுக்கு. திருத்தணி ஸ்டேஷன் ரோட்டு மாடியில் இரண்டு மேஜை போட்ட கடை பிரேமுக்கு. அதற்கப்புறம் சொந்தமாக ஒரு ஸ்டிக் வாங்க அவனுக்கு மனசே வரவில்லை.

கிருத்திகை என்பதால் ஊரே மலையில் இருந்தது. கடையில் ஈ, காக்கை இல்லை. பிரேம் பையின் ஜிப்பை இழுத்தான்.

உள்ளே இரண்டு ஸ்டிக். ஒன்று பிரேக் ஸ்டிக், மற்றது ஆடுகிற ஸ்டிக். இரண்டின் நுனியிலும் ஆடும்போது தேய்க்கிற நீலச் சாக்பீஸ் பொடி துளிகூட ஒட்டியிருக்கவில்லை. மேட்சுக்கு மேட்ச் புதுசு வாங்குகிற அளவுக்குப் பவுசு வந்துவிட்டதா என்று பல்லைக் கடித்தான்.

இரண்டில் எதைக் கெடுப்பது? பிரேக் ஸ்டிக் முரட்டு ஜென்மம், எவ்வளவு அடித்தாலும் அசையாது. அதுவே போனாலும், கிடைத்த ஸ்டிக்கில் முதல் அடியை அடித்துவிட்டு மேலே ஆடலாம். ஆடுகிற ஸ்டிக் போனால்தான் கையே போன மாதிரி. அந்த வலி எப்படி இருக்கும் என்று பிரேமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடுகிற ஸ்டிக்கையே எடுத்தான்.

பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஓங்கி அறைந்தான். மறுபடி அடுக்கினான், மறுபடி அறைந்தான். “நானும் சும்மா கை பழகறேன்” என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான்.

தோள் வலிக்கும் வரை அடித்தபோது நுனித் தோல் நசுங்கிப் பிதுங்கியது. வெள்ளைப் பூணில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது. நாளை மெட்ராஸில், அத்தனை பேர் நடுவில் அது பாவாவின் கையிலேயே பிளக்கும். நினைக்க நினைக்க இனித்தது.

பிதுங்கிய தோலைச் சுரண்டிச் சரிசெய்து, துணியால் துடைத்து, இருந்தபடியே பையில் வைத்து மூடினான்.

மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க வந்து நின்றான் ஆதிகேசவன்.

“பையத் தொறந்தியா?”

“அத நான் ஏன் தொடப் போறேன்?”

“நல்லதாப் போச்சு.” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இந்த மொட்ட எதுக்குன்னு நெனச்ச? அன்னிக்கி உன் ஸ்டிக்க ஒடச்ச பாவத்துக்குடா. அவசரத்துல எது கைக்கு வந்துச்சோ அத எடுத்து அடிச்சிட்டேன். அதுலருந்து நீ மூஞ்சி குடுத்துப் பேசல, எனக்கும் எதுலயும் மனசு ஒட்டல.”

 இதை மலைக்குப் போகும் முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பிரேமுக்கு இருந்தது.

“நாளைக்கி ஜோடி ஆட்டம். என் ஜோடிக்கு உன் பேரத்தான் குடுத்துக்கிறேன். கெளம்பு, போலாம்.”

நாளை தன் ஜோடியின் கையில்தான் அந்த ஸ்டிக் பிளக்கப் போகிறது.  எப்படியாவது இந்தப் பயணத்தைத் தட்டிக்கழித்தாக வேண்டும்.

“நான் எங்க பாவா ஆடறது?” அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. “என்கிட்ட ஸ்டிக்கே இல்லியே. இந்தப் பையில கீறது உனக்கே வேணும்.”

ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே பையை அவன் பக்கம் நகர்த்தினான்.

“என்து ரெண்டும் சத்திரத்து வீட்ல கீதுடா, இது உனக்கு வாங்கினது.”