எதிரே போட்ட முக்காலி

கத்தரிக்கோல் என் மகளின் இடது கையில் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அவள் சாப்பிடுவது, எழுதுவது, கதவைச் சாத்துவது எல்லாமே வலது கைதான். என்மேல் உள்ள கோபத்தில் அறைந்து சாத்தும்போதும் அதே கைதான். இந்தப் பெரிய பார்லரில் சேர்ந்த பிறகு, இதன் முதலாளியம்மா அவள் கையையே மாற்றிவிட்டாள்.

பெற்றவள் நான் இருக்கிறேன். கையை மாற்ற இவள் யார்?

காத்திருப்பவர்களுக்கான சோபாவில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். படம்கூடப் பார்க்கவில்லை.

நானும் முடி வெட்டுகிறவள்தான். என்னுடையது ஒற்றை நாற்காலிக் கடை, ஊரின் அந்தக் கோடியில். இங்கே வரிசையாக நாற்காலிகள், வரிசையாகக் கண்ணாடிகள், நுழையும்போதே ஒரு வாசனை. முதலாளியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் ஒரு நரை கிடையாது. சாயம்தான், என் கண்ணுக்குத் தெரியாதா?

தோழியோடு போனில் பேசும்போதெல்லாம் மகள் வாயில் இவள் புராணம்தான். அக்கா சொன்னாங்க, அக்கா சிரிச்சாங்க, அக்கா அவங்க சீப்பையே எனக்குக் கொடுத்துட்டாங்க. நான் ஒன்று கேட்டால் 'ம்' என்று வரும். சில நாள் அதுவும் வராது.

நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அவளாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதான் கல்லூரியில் கணக்கியலுக்கு இடம் வாங்கினேன். நாளை போய்ச் சேராவிட்டால் அது கைவிட்டுப் போகும். அவளோ முடிதான் வெட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்படியானால் யார் மகள் என்று எங்கேயும் வாயைத் திறக்காதே என்றேன். சரி என்று சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்துகொண்டாள்.

விட்டுப் பிடி என்கிறார் என் வீட்டுக்காரர். விட்டால் பிடித்துக்கொள்ளத்தான் இங்கே ஒருத்தி தயாராக இருக்கிறாளே.

இன்று கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று வந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பேர் முன்னால், இவள் என் மகள் என்று சொல்லி.

முதலாளியம்மா போகிறபோக்கில் மகளின் தோளில் கை வைத்தாள். மகள் விலகவில்லை. வீட்டில் நான் தொட்டால் அந்தத் தோள் தானாக நழுவும்.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது?

என் முறை வந்தது. நாற்காலிக்கு வந்த என்னைப் பார்த்ததும் மகளின் முகம் வெளுத்தது. மறுகணமே யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல் என் கழுத்தில் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்தாள்.

"தலையக் குனிஞ்சுக்கோங்க."

குனிஞ்சுக்கோங்கவாம். அவளுக்கு அக்கா, எனக்கு மரியாதை.

குனிந்தேன். பின்கழுத்தில் சீப்பு இறங்கியது. அதன் பின்னாலேயே கத்தரியின் சத்தம், அவசரமில்லாமல், ஒரே சீராக. எங்கேயாவது தடுக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. அதற்கும் எரிந்தது. இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாளே, பாவி.

அந்தப் பாவி பக்கத்தில் வந்து நின்றாள். இடது கையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம் என்றாள். இந்தப் பெண்ணுக்கு மற்ற எல்லாம் வலது கைதான், கத்தரியைப் பிடித்தால் மட்டும் இடது கை. மாற்றப் பார்த்தும் முடியவில்லை. தான் கற்றுக்கொடுத்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை, வந்த அன்றைக்கே இப்படித்தான் வெட்டினாள் என்றாள்.

"யாரையோ எதிர்ல உக்காந்து பாத்துப் பாத்தே பழகியிருக்கா. அவங்க வலது கை இவளுக்கு இடது கையாயிடுச்சு. பக்கத்துல நிக்கவச்சு சொல்லிக் குடுத்திருந்தா வலது கையே வந்திருக்கும்."

அது யார் என்று கேட்டால் மட்டும் இவள் வாயைத் திறப்பதில்லையாம். சொல்லும்போது முதலாளியம்மாவின் குரலில் ஓர் எரிச்சல் இருந்தது. எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட எரிச்சல்.

பின்னால் கத்தரி நின்றுவிட்டது.

என் கடையில் கண்ணாடியை ஒட்டி ஒரு முக்காலி உண்டு. பள்ளி விட்டு வந்ததும் மகளை அதில்தான் உட்காரவைப்பேன். கண்ணாடிக்கு முதுகு, எனக்கு முகம், மடியில் கணக்குப் புத்தகம். படிக்கிறாளா என்று பார்க்க என் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். கத்தரியைத் தொடவிட்டதில்லை. நான் நிமிரும்போதெல்லாம் அவள் தலை புத்தகத்தில்தான் கவிழ்ந்திருக்கும்.

நான் முடியைப் பார்த்த நேரமெல்லாம் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள்.

அந்த யாரோ நான்தான் என்று மார்தட்டியிருக்கலாம். முதலாளியம்மாவின் முகம் போகிற போக்கை நினைக்கவே இனித்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஏன் நிறுத்திக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கேட்பாளே.

துணிக்கு அடியில் என் வலது கையை இறுக மூடிக்கொண்டேன்.

கத்தரி நின்றதைப் பார்த்து, வேண்டுமானால் வேறு ஆளை விடட்டுமா என்று முதலாளியம்மா கேட்டாள். வேண்டாம், இவளே வெட்டட்டும் என்றேன்.

கத்தரி மறுபடி ஓடியது.

"தலைய நிமித்தும்மா."

வாடிக்கையாளரிடம் நிமித்துங்க என்று சொல்லிப் பழகு என்று முதலாளியம்மா அவளை அதட்டினாள்.

நிமிர்ந்தேன். எதிரே கண்ணாடி. அதில் என் மகள் வலது கையால் வெட்டிக்கொண்டிருந்தாள்.