மிதவைப் பந்து

ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுப் பங்கஜவல்லியின் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. கக்கூஸ் தண்ணீரைக்கூட ஒரு குழியில் சேர்த்து மோட்டார் வைத்துத்தான் மேலே தள்ள வேண்டும். அந்த மோட்டாரும் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஓடவில்லை. சாயங்காலம் மகளைப் பெண் பார்க்கப் பதினோரு பேர் வருகிறார்கள். குளியலறையிலோ தண்ணீர் எதிர்த்துக்கொண்டு நிற்கிறது.

"ஃபியூஸைப் பாத்தேன், வயரைப் பாத்தேன்னு மூணு நாளா குழியையே சுத்தி வர்றீங்களே, பிரதட்சிணமா பண்றீங்க? வர்றவங்களைப் பக்கத்து வீட்டுக்கா அனுப்பி வைக்கிறது?"

அவள் புருஷன் சிவக்கொழுந்து சரி சரியென்று தலையாட்டினார். பாவம், முப்பது வருஷப் பழக்கம். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைக் குழிக்குள் விட்டுத் துழாவினார். தண்ணீர் ஏறினால் கூடவே மிதந்து ஏறி மோட்டாரை ஓடவிடுகிற கறுப்புப் பந்து ஒன்று உள்ளே உண்டு. அது எதிலோ சிக்கிக் கிடந்தது. இழுத்த இழுப்பில் என்னவோ அறுந்தது. பந்து குபுக்கென்று மேலே வந்தது, மோட்டார் உறுமியது, தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

"என்னங்க அது?"

"குப்பைடி."

தொரட்டி நுனியில் வந்ததை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டார். விரலிடுக்கில் மஞ்சள் நூல் தொங்கியது, அழுகிய சாமந்தி ஒன்றோடு. பூஜையன்று மிக்ஸி, ஸ்கூட்டர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பூக்கட்டிவிட்டு, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று குழியின் மூடியைத் திறந்து, குழாயையும் பந்தையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டவள் பங்கஜவல்லிதான்.

செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். "கையை நீட்டுங்க."

அவர் மற்றக் கையை நீட்டினார்.