எதிர்வீட்டு அடுப்பு

பூமி சூடாகிறதென்று அரசு கேஸ் அடுப்பைக் கட்டுப்படுத்திய பிறகு, அறுபது வீடுகள் இருந்த அந்தக் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அதற்கு அனுமதி. குலுக்கலில் அது எதிர்வீட்டு ஷைனிக்கு விழுந்த நாளிலிருந்து கோமதிக்கு வயிறு எரிந்தது. மற்ற எல்லோருக்கும் கரண்ட் அடுப்புதான். அதில் சோறு வேகும். தணலில் காட்டிக் கத்திரிக்காய் சுட முடியாது.

ஷைனி சுட்டாள். தோல் கருகும் வாசனை வந்ததும் கோமதியின் கணவன் தட்டை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

"சாப்பாடுன்னா அதுல்லா சாப்பாடு!"

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். பூமி சூடாவதெல்லாம் கட்டுக்கதை என்று பாதிப் பேரும், உண்மை என்று மீதிப் பேரும் கத்திக்கொண்டிருக்க, மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய தாளோடு கோமதி எழுந்தாள். கடல் ஊருக்குள் வந்ததையும் வெயிலில் சுருண்டு செத்தவர்களையும் சொல்லி, ஷைனியின் அடுப்பில் கொண்டுவந்து முடித்தாள். கட்டுக்கதை என்றவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். அனுமதி ரத்தானது.

மறுநாள் காலையில் அடுப்பு அனுமதி தரும் அலுவலர் கோமதி வீட்டுக்கு வந்தார்.

"குலுக்கல்ல ரெண்டாவது உங்க பேரு. இனி அடுப்பு உங்களுக்குத்தான் வரணும். நேத்து அவ்வளவு பேசினீங்க, வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

கோமதி பேனாவை வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப வந்து மாட்டுவீங்க?" என்றாள்.

அன்று சாயங்காலம் கோமதி வீட்டிலிருந்து கத்திரிக்காய் சுடும் வாசனை வந்தது. ஷைனி வாசலில் வந்து நின்றாள். கோமதி துவையல் கிண்ணத்தை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்க்கா. நேத்து கூட்டத்துல வாசிச்சீங்களே, அந்தத் தாளைக் கொஞ்சம் தாங்க."